இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா

ஆதிரெங்கத்தில் ஒரு நீள நோட்டில் என் பெயரை எழுதினார்கள். 2013 கோடை. பெயர், ஊர், செல் நம்பர், நெல்லின் பெயர், எடை. சோழவரம், திருவள்ளூர் மாவட்டம் என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, "அங்கெல்லாம் இன்னும் நெல்லு போடுறாங்களாண்ணே?" என்று கேட்டான். "போடுறோம் தம்பி" என்றேன். மாப்பிள்ளைச் சம்பா, 2 கிலோ. அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த 4 கிலோவை நான் கொடுக்கவில்லை. அடுத்த வருஷமும் கொடுக்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் விளைச்சல் பொய்க்கவில்லை. நெல் கையில் இருந்தது. இருந்தும் கொடுக்கவில்லை. என் அம்மாவையும் என் மனைவியையும் தவிர இதை யாரிடமும் நான் வெகுகாலம் சொல்லவில்லை.

செங்குன்றத்தில் ஒரு அரிசி மில்லில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். கணக்குப்பிள்ளை என்று பெயர், ஆனால் நெல் லாரி எடைமேடையில் ஏறுவது முதல் அரிசி மூட்டை கடைக்குப் போவது வரை எல்லாவற்றிலும் என் கை இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நெல் வரும். மூட்டையைக் குத்தி மாதிரி எடுத்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் ஈரம் எவ்வளவு, கருக்கா எவ்வளவு, அரைத்தால் குருணை எவ்வளவு விழும் என்று மெஷின் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். மில்லில் நெல்லை நெல் என்று யாரும் சொல்வதில்லை. சரக்கு. "சரக்கு எப்படி?" "சரக்கு ஈரம்." "பழைய சரக்கு."

அந்த மில்லில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சார்டெக்ஸ் மெஷின் நிற்கும் மூலை. அரிசி சரிவான தகட்டில் மழைபோல் இறங்கும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். பழுப்பு மணி, கறுத்த மணி, சிவந்த மணி தெரிந்தால் 'டக்' என்று ஒரு சிறு காற்று அடித்து அதை மட்டும் தனியே தள்ளிவிடும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கில் அந்த 'டக்' கேட்கும். ஒதுக்கிய அரிசி தனிக் குழாயில் இறங்கித் தனி மூட்டையில் சேரும். மாட்டுத் தீவனத்துக்குப் போகும். வெள்ளை அரிசியில் ஒரு சிவப்பு மணி கிடந்தால் அது குறை. இருபது வருஷம் அந்தக் குறையைத் துரத்தித்தான் சம்பளம் வாங்கினேன்.

அம்மாவுக்கு இந்த வேலையில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. அவள் பொன்னேரிக்குப் பக்கத்தில் பிறந்தவள். சொர்ணவாரிப் பட்டத்தில் குள்ளக்கார், சம்பாவுக்குக் கிச்சிலி என்று விதைத்த வீடு. சிறுமியாக இருந்தபோது ஐ.ஆர்.8 வந்தது, பின்னால் ஐ.ஆர்.20 வந்தது, இரண்டு மூன்று வருஷத்தில் ஊரே மாறிப்போனது என்பாள். "அப்போ நீத்தண்ணி குடிச்சாலே பசி தாங்கும்டா. இப்போ சோறு துன்னாலும் பதினோரு மணிக்கு வயிறு கேக்குது." நான் இதை எல்லாத் தாய்மாரும் சொல்லும் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு 80 சென்ட் நிலம். சோழவரம் என்றால் வெளியூர்க்காரர்கள் ஏரியைச் சொல்வார்கள், வயதானவர்கள் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் ரேஸைச் சொல்வார்கள். யாரும் நெல்லைச் சொல்லமாட்டார்கள். ஏரி எங்கள் பேரில் இருக்கிறது, தண்ணீர் சென்னைக்குப் போகிறது. எங்கள் நிலம் போர்த் தண்ணீரில் நடப்பது. அப்பா போன பிறகு பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடம் வாரத்துக்கு விட்டிருந்தோம்.

ஆதிரெங்கத்துக்கு என்னை அனுப்பியவர் ஒரு லாரி டிரைவர். திருத்துறைப்பூண்டிக்காரர். நெல் லோடு இறக்கக் காத்திருந்தபோது நான் சார்டெக்ஸ் தள்ளிய சிவப்பு மணிகளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இதுக்கு எங்க ஊருல திருவிழாவே நடக்குது" என்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நெல் திருவிழா. அம்மாவிடம் காட்டினேன். அவள் அதைப் படிக்கவில்லை, படம் பார்த்தாள். "போய்ட்டு வா. கிச்சிலி இருந்தா எடுத்துனு வா" என்றாள்.

கோயம்பேட்டில் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் திருத்துறைப்பூண்டியில் இறங்கினேன். அந்த ஒரு பஸ்ஸிலேயே திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர். தருமபுரியிலிருந்து ஒருவர், புதுச்சேரியிலிருந்து புருஷனும் பெண்சாதியும். ஆதிரெங்கம் சின்னக் கிராமம். வயலுக்கு நடுவில் கீற்றுப் பந்தல். பந்தலுக்கு வெளியே மரத்தடியிலும் வரப்பிலும் ஜனங்கள். நான் பார்த்த திருவிழா எதிலும் இல்லாத ஒரு சத்தம் அங்கே இருந்தது: ஆயிரக்கணக்கான பேர் ஒரே விஷயத்தைப் பேசும் சத்தம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல். எத்தனை நாள், எவ்வளவு உயரம், தண்ணீர் நின்றால் தாங்குமா, வைக்கோலை மாடு தின்னுமா.

மூங்கில் கழிகளில் கதிர்க்கட்டுகளைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு கட்டியிருந்தார்கள். கீழே மண்சட்டிகளில் அதே நெல். நான் தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு சட்டியிலும் கையை விட்டு அள்ளினேன். கருங்குறுவையின் உமி கறுப்பு, உள்ளே அரிசி சிவப்பு. தூயமல்லி, பெயருக்கேற்ற மாதிரி மல்லி மொட்டாக வெள்ளை. காட்டுயானம் என்ற நெல்லின் தாள் என் தலைக்கு மேல் நின்றது. யானை நின்றால்கூட மறைக்கும் என்பதால் அந்தப் பெயராம். சீரகச் சம்பா சீரகம் போலவே நகக்கணு அளவு. வேதாரண்யம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குழியடிச்சானைக் கையில் ஏந்தி, உப்புத் தண்ணீர் ஏறின மண்ணில் அது ஒன்றுதான் தங்களுக்குச் சோறு போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் குழந்தையைத் தொடுவதுபோல அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் நான் என் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். என்னால் விலை சொல்ல முடியவில்லை. இருபது வருஷத்தில் முதல்முறையாக உள்ளங்கையில் இருந்த நெல்லுக்கு என்னால் விலை சொல்ல முடியவில்லை.

அங்கே பணி ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திருவள்ளூர் மாவட்டம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் போயிருக்கீங்களா?" என்று கேட்டார். போனதில்லை. எங்கள் மாவட்டம், பஸ் ஏறினால் போய் இறங்கும் தூரம். அவர் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. கிச்சிலிச் சம்பா வயலில் தற்செயலாகத் தோன்றிய ஒரு செடியிலிருந்துதான் கோயம்புத்தூரில் ஜி.இ.பி.24 என்ற நெல்லைப் பிரித்தெடுத்து 1921இல் கொடுத்தார்கள். அந்த ஜி.இ.பி.24 வழியில் திரூரில் உருவானது டி.கே.எம்.6. திரூர்க்குப்பம் என்ற பெயரின் சுருக்கம்தான் அந்த மூன்றெழுத்து. 1952இல் வந்த நெல். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு என்பதால் பிலிப்பைன்ஸ் வரை போயிற்று. அங்கே அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்துப் பிறந்ததுதான் ஐ.ஆர்.20. "உங்கம்மா எதைக் குறை சொல்றாங்களோ அந்த ஐ.ஆர்.20க்குக் கொள்ளுப்பாட்டி உங்கம்மா கேட்ட கிச்சிலி" என்றார். டி.கே.எம்.9 என்று 1978இல் திரூர் கொடுத்த நெல் சிவப்பரிசி என்பதையும் அவர்தான் சொன்னார். என் மெஷின் துப்பித் தள்ளிய சிவப்பு மணிகளில் அதுவும் இருந்திருக்கும்.

திருவிழாவை நடத்திய நெல் ஜெயராமனைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். ஒரு இடத்தில் நிற்காமல் பந்தலுக்கும் விதை கொடுக்கும் இடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிமேடு அவர் ஊர். 2003இல் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரோடு பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைப்பயணம் போனபோது வழியில் விவசாயிகள் தங்களிடம் மிஞ்சியிருந்த பழைய நெல் விதைகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அங்கே தொடங்கியது. பின்னால் 174 வகைகள் வரை தேடிச் சேர்த்தார். சேர்த்ததைக் கண்ணாடிப் புட்டியில் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம். 2 கிலோ வாங்கிப் போ, விளைந்ததும் 4 கிலோ கொண்டுவா. அந்த நாலில் இன்னும் இரண்டு பேர் வாங்கிப் போவார்கள். ஒற்றை நாற்றாக நட்டால் 2 கிலோ விதை ஒரு ஏக்கருக்குப் போதும். திருவிழா என்பதே அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான நாள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

மதியம் பாரம்பரிய அரிசிச் சோறு போட்டார்கள். சிவப்புச் சோறு, சாம்பார், கீரை. மென்றுதான் விழுங்க முடிந்தது. மென்றால் இனித்தது.

கிச்சிலி விதை அன்றைக்கு என் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளைச் சம்பா வாங்கினேன். 160 நாள் பயிர். இளவட்டக்கல் தூக்கிக் காட்ட வேண்டிய மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போட்ட அரிசி என்று சொல்வார்கள். கொடுத்த பையன் இரண்டு முறை சொன்னான்: "யூரியா மட்டும் போட்டுறாதீங்கண்ணே. உசரமான பயிரு. படுத்துரும்."

ஆடியில் நாற்று விட்டு 20 சென்ட்டில் நட்டோம். சித்தப்பாவிடம் யூரியா வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரப்பில் நின்று பார்த்தேன். பக்கத்து வயலில் பாப்பட்லா ரக நெல் கரும்பச்சையாக மதமதவென்று நிற்கிறது. நம்முடையது வெளிறிப்போய், பச்சைக்கிளி நிறத்தில். எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு மூட்டைகூடத் தேறாவிட்டால் என்ன செய்வது என்ற மில்காரன் மனசு. "ஒரு பத்துக் கிலோ போடுங்க சித்தப்பா" என்றேன். "நீதானப்பா வேணான்னே?" என்று கேட்டுவிட்டு அவர் போட்டார்.

பத்து நாளில் பயிர் கறுத்தது. மார்பளவு வந்தது, பிறகு தோளளவு. ஊர்க்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கார்த்திகையில் ஒரு ராத்திரி காற்றும் மழையும். காலையில் போனால் யாரோ பாய் விரித்தது போல முழு வயலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறது. குட்டை ரகங்கள் யூரியாவைத் தாங்கி நிற்கவே உருவானவை, ஐ.ஆர்.8இன் பெருமையே அதன் குட்டைத் தண்டுதான். இந்த நெடுந்தண்டுக்கு அந்த உரம் ஊட்டம் இல்லை, பாரம். தண்ணீரில் கிடந்த கதிர்களில் சில முளைவிட்டிருந்தன. அந்த மார்கழியில்தான், 2013 டிசம்பர் 30ஆம் தேதி, நம்மாழ்வார் காலமானார்.

தையில் ஒன்றரை மூட்டை கிடைத்தது. அம்மா முறத்தோடு உட்கார்ந்தாள். தண்ணீர் படாத கதிராகப் பார்த்து முன்பே தனியாகக் கையால் உருவி வைத்திருந்தாள். அதை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தூற்றி, பானையில் போட்டு, நடுவில் நொச்சி இலை வைத்து, மேலே தட்டு மூடிச் சாணம் மெழுகினாள். படியால் அளந்து ஐந்து படி. நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வரும். "குடுக்கறப்போ தலை தட்டி அளக்கக் கூடாதுடா" என்றாள்.

2014 கோடை வந்தது. திருவிழா தேதியும் தெரிந்தது. மில்லில் நவரை நெல் வரத்து. லீவு கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

அதே மாதம், சென்னையில் புதிதாகத் திறந்த ஒரு கடைக்காரர் பாரம்பரிய அரிசி தேடி மில் பக்கம் வந்தார். என்னிடம் இருப்பதைச் சொன்னேன். கிலோ 80 ரூபாய் என்றார். அப்போது எங்கள் மில்லில் நல்ல பொன்னி அரிசியே அந்த விலைக்குப் போகவில்லை. "40 கிலோ இருந்தா எடுத்துக்கறேன், அதுக்குக் கீழே வண்டி அனுப்பினா கட்டாது" என்றார். வீட்டுக்கு எடுத்துக்கொண்டது போக இருந்ததை அரைத்தேன். 37 கிலோ வந்தது.

அம்மா கும்மிடிப்பூண்டியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வீட்டுக்குப் போய்ப் பானையை இறக்கினேன். மெழுகிய சாணம் காய்ந்து வெடித்திருந்தது. தட்டைத் தூக்கியதும் நொச்சி வாசனை. விரலால் நான்கு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். கணீரென்று உடைந்தது. அப்படி ஒரு விதை. அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை அரைத்துக் கொடுத்துவிட்டு, வேறு யாரிடமாவது 4 கிலோ வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சரக்குக்குச் சரக்கு. எங்கள் தொழிலில் தினமும் செய்வதுதான்.

மாதிரி பார்க்கும் சின்ன மெஷினில் கொட்டினேன். உமி ஒரு பக்கம், சிவப்பரிசி ஒரு பக்கம். கடைக்காரர் கொஞ்சம் வெள்ளையாக இருந்தால் நல்லது என்றதால் லேசாகப் பாலிஷும் கொடுத்தேன். சிவப்பு என்பது அரிசியின் மேல்தோலில் இருப்பது. பாலிஷ் ஏற ஏறத் தவிட்டோடு சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு மணியிலும் கீறல் போல ஒரு சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. மொத்தம் 40 கிலோ, 3,200 ரூபாய். அதில் பானையின் பங்கு 3 கிலோ. 240 ரூபாய்.

அம்மா திரும்பி வந்த அன்று பானை கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தாள்.

"குடுத்துட்டு வந்துட்டியா?"

"இல்லம்மா."

"சோறு ஆக்கினியா?"

"வித்துட்டேன்."

அவள் சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, கோயில் கதாகாலட்சேபத்தில் கேட்ட இளையான்குடி மாற நாயனாரைச் சொன்னாள். மழை ராத்திரியில் வந்த சிவனடியாருக்குச் சோறு போட வீட்டில் ஒன்றும் இல்லாமல், பகலில் விதைத்த முளை நெல்லை வயலில் தடவி வாரிக்கொண்டு வந்தவர். "அவரு பசின்னு வந்தவனுக்கு விதைய வாரினு வந்தாரு. நீ யாருக்கு வாரினு போனே?" அந்தப் பானையைக் கழுவிப் பரண்மேல் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் நெல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. நோட்டில் நம்பர் இருந்தது, ஆனால் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேங்க் கடன் என்றால் மூன்றாம் மாதம் ஆள் வந்துவிடும். இங்கே நான் கொண்டுவருவேன் என்று விட்டுவிட்டார்கள். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது, அந்த வருஷம் அதைக் காரணம் சொல்லிக்கொண்டேன். 2016 டிசம்பரில் வர்தா புயல், அந்த வருஷத்துக்கு அது.

2017 புரட்டாசியில் அக்கா மகன் இத்தாலியிலிருந்து வீடியோ காலில் வந்தான். வெரோனாவில் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஈசோலா தெல்லா ஸ்காலா என்ற ஊரில் அரிசித் திருவிழா நடக்கிறது, வந்திருக்கிறேன் மாமா என்று போனைச் சுற்றிக் காட்டினான். 1967இலிருந்து நடப்பதாம். பெரிய பெரிய கூடாரம், நீள மேஜைகள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வியலோனே நானோ என்ற தங்கள் ஊர் அரிசியில் செய்த ரிசோட்டோவைச் சாப்பிடுகிறார்கள். 1996லேயே அந்த அரிசிக்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். குட்டையான உருண்டை மணி. நான் மில்லில் பார்த்தால் இட்லிக்குத்தான் ஆகும் என்று சொல்லியிருப்பேன். அதைக் கொண்டாட ஒரு ஊரே இலையுதிர் காலத்தில் வாரக்கணக்கில் வீதிக்கு வருகிறது. எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை வந்தது. அவர்கள் சோற்றைக் கொண்டாடுகிறார்கள், ஆதிரெங்கத்தில் விதையைக் கொண்டாடினார்கள் என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் கேட்டான்: "நீங்களும் ஒரு திருவிழாவுல விதை வாங்கிட்டு வந்தீங்களே மாமா, அது இப்போ எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடா" என்றேன்.

பக்கத்து அறையில் அம்மா இருந்தாள். கேட்டிருப்பாள்.

2018 நவம்பரில் கஜா புயல் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 6ஆம் தேதி, அதே லாரி டிரைவர் எடைமேடையில் வண்டியை நிறுத்தி இறங்கினார். வீட்டுக் கூரை போய், தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளைகளை விட்டுவிட்டு லோடு ஏற்றி வந்தவர். சீட்டை நீட்டியபடியே, "ஜெயராமன் அண்ணன் போயிட்டாருண்ணே. கேன்சரு" என்றார். நான் எடையை எழுத வேண்டும். திரையில் நம்பர் நிற்கிறது. எழுத முடியவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. 2014இல் நான் 4 கிலோ கொடுத்திருந்தால் அதை இரண்டு பேர் வாங்கியிருப்பார்கள், 2015இல் 8. அடுத்து 16, 32, 2018இல் 64. சொன்ன சொல்லை எல்லாரும் காப்பாற்றினால் வருகிற கணக்கு. எல்லாரும் காப்பாற்றமாட்டார்கள் என்று மனசு சொன்னது. காப்பாற்றாதவன் நான்தான் என்பதும் அப்போதே தெரிந்தது.

2019 கோடையில் சோழவரம் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் போரில் காற்றுத்தான் வந்தது. 2020 சம்பாவுக்குத்தான் வழி பிறந்தது. மீஞ்சூர் பக்கத்து விவசாயி ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். விதை கொடுத்தார். உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். வந்தவாசிக்காரர் ஒருவர் கொடுத்தார் என்றார். அவருக்கு? "அவரு நெல் திருவிழாவுல வாங்கினதுங்க." நான் அறுத்துவிட்டிருந்த இழை வேறு கைகள் வழியாக எங்கள் பக்கத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

அந்த வருஷம் மாட்டெருவும் வேப்பம் புண்ணாக்கும்தான். பயிர் வெளிறியே நின்றது. வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். நவம்பரில் நிவர் புயல். இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் போனால் பயிர் சாய்ந்திருந்தது, படுக்கவில்லை. ஒரு வாரத்தில் கணுவுக்குக் கணு நிமிர்ந்துகொண்டது. தையில் அறுத்தோம். அம்மாவுக்கு அதற்குள் முழங்கால் வலி, குந்த முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துத் தூற்றினாள். பரணிலிருந்து அந்தப் பானையை எடுத்துத் தரச் சொன்னாள்.

2021 கணக்குப்படி 512 கிலோ வருகிறது என்று அவளிடம் சொன்னேன். எங்கள் மில் மூட்டையில் ஏழு மூட்டைக்கு 13 கிலோ குறைவு. "அதெல்லாம் நோட்டுல எழுதி வெச்சுக்கோ. மொதல்ல பானையில இருக்கறத குடுத்துட்டு வா" என்றாள். பானையில் இருந்ததோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 20 கிலோ கட்டினேன்.

திருவிழாவுக்குக் காத்திருக்கவில்லை. மாசியில் போனேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு அதே ராத்திரி பஸ். ஆதிரெங்கத்தில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. அறுத்த வயலில் கொக்குகள். உள்ளே இரண்டு மூன்று பேர் விதை காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் யார், எந்த வருஷம் வாங்கியது, ஏன் இவ்வளவு நாள் என்று முழுவதையும் சொன்னேன். யூரியா போட்டது, பானையை இறக்கியது, 240 ரூபாய், எல்லாம். கேட்ட தம்பி எதுவும் சொல்லவில்லை. பழைய நோட்டு கைக்கு எட்டவில்லை போலிருக்கிறது. புது நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி வரவு என்று எழுதினான். மூட்டையைத் தராசில் வைத்தான். 20 கிலோ 400 கிராம். கையை விட்டு அள்ளி, ஊதி, ஒரு மணியைக் கடித்தான்.

"நல்லா தூத்தியிருக்கு. யாருண்ணே?"

"எங்கம்மா."

கதவோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மன்னார்குடிப் பக்கம். மாப்பிள்ளைச் சம்பா கேட்டு வந்தவர். தம்பி என் மூட்டையின் வாயிலிருந்தே 2 கிலோ எடுத்து அவருடைய துணிப்பையில் போட்டான். நிறுத்தான். அப்புறம் ஒரு கைப்பிடி கூடப் போட்டான். பெரியவர் நோட்டில் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், நடுங்குகிற கையால் கையெழுத்துப் போட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வெளைய வச்சதா தம்பி? பயிரு கொஞ்சம் சோகையா இருந்தா, ஒரு கை யூரியா போட்டுக்கலாமா?"

நான் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"போடாதீங்கய்யா" என்றேன். "நான் போட்டேன்."